பூஜ்யம் புள்ளி நாலு ஆம்பியர்

பேட்டரியைத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்பது பொய். முன்பின் தெரியாதவரிடம் பஸ் ஏறியதும் ஏறாததுமாகப் பேச்சுக் கொடுக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. மன்னிக்க வேண்டும். ஆனால் கண்டக்டர் அதைக் கீழே வைக்கச் சொன்னதற்கு, "தரையில வச்சா சார்ஜ் இறங்கிரும்" என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பதுபோல மடியில் அணைத்துக்கொண்டு வருகிறீர்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் நான் படித்த படிப்புக்குத் துரோகம் செய்தவன் ஆவேன். பூனை குறுக்கே போவதையும் பல்லி தலையில் விழுவதையும் எதிர்த்து எத்தனை கூட்டம் போட்டார்கள், எத்தனை நோட்டீஸ் அடித்தார்கள். இந்த ஒரு மூட நம்பிக்கையை எவனும் தொடவில்லை. அந்தக் காலத்தில் பேட்டரிக்கு மரப்பெட்டி. ஈரம் கோத்துக்கொண்டு கரண்டு கசியும். அன்றைக்கு அது உண்மை. இன்றைக்குப் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் வழியாகக் கரண்டு எப்படித் தம்பி தரைக்குப் போகும்? இறக்கி வையுங்கள். ஆசிட் பட்டால் வேட்டி ஓட்டையாகிவிடும். ஆம், அப்படித்தான், இரண்டு காலுக்கும் நடுவில்.

பேட்டரி தானாக இறங்காது. மாதத்துக்கு நூற்றுக்கு ஐந்து பங்கு இறங்கும், அதை விடுங்கள். மற்றபடி யாராவது இறக்கினால்தான் இறங்கும். முப்பத்தொரு வருஷம் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் பாடம் நடத்தியவன் சொல்கிறேன். என் தம்பியே எனக்கு இறக்கினான். அதைக் கண்டுபிடித்தவனும் நான்தான்.

என் பெயர் சங்கரநயினார். தம்பி பெயர் குற்றாலிங்கம், வீட்டில் குற்றாலம். எங்களுக்கு மூத்தவள் கோமதி அக்கா, பாளையங்கோட்டையில் இருக்கிறாள். இப்போது அவள் வீட்டுக்குத்தான் போகிறேன். அப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டோம். கிணற்றை, தென்னையை, பீரோவை எல்லாம் பிரித்தோம். காரை எப்படிப் பிரிப்பது? முப்பத்தேழு வருஷத்து வண்டி. ஊரில் அதைப் பார்த்தால் இன்னமும் "அய்யா வண்டி" என்பார்கள். அய்யா என்றால் எங்கள் அப்பா.

அக்காதான் வழி சொன்னாள். வளர்பிறை பெரியவனுக்கு, தேய்பிறை சின்னவனுக்கு. அமாவாசையும் பௌர்ணமியும் வண்டி ஷெட்டை விட்டு வெளியே வராது, அந்த இரண்டு நாளும் அப்பாவுக்கு. சாவி கை மாறுவது அன்றைக்குத்தான். பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கார் ஓட்டுகிற குடும்பம் இந்த மாவட்டத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். வண்டியைப் பேணாமல் ஒருத்தன் தலையில் ஒருத்தன் கட்டக் கூடாது என்பதற்காக அக்கா இன்னொரு விதியும் வைத்தாள். யார் முறையில் மூன்று தடவை வண்டி கிளம்பாமல் நிற்கிறதோ, அவன் அதைப் பேசாமல் மற்றவன் பேருக்கு விட்டுக்கொடுத்துவிட வேண்டும். பத்து வருஷம் ஒருத்தனுக்கும் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

போன ஆடியில் என் வீட்டுக்காரி தவறிப்போனாள். அந்த மாதத்திலிருந்துதான் தொல்லை ஆரம்பம். கவனியுங்கள். அவள் இருந்தவரை என் வீட்டுப் பக்கம் ஒரு ஆள் நடமாட்டம் இருந்தது. அவள் போனதும் அவனுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. இதற்குப் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் வேண்டாம்.

ஆவணி வளர்பிறை. கல்யாணம் ஒன்றுக்குப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போய்ச் சாவியைத் திருகுகிறேன். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். நாலு நாள் வண்டியை எடுக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவன் தேய்பிறையில் ஒரு வாரம் எடுக்காமல் போட்டுவிட்டு, எட்டாம் நாள் ஒரே திருகில் கிளப்பிக்கொண்டு போகிறானே, அது எப்படி? தெருவில் வண்டியைத் தள்ளினேன். தம்பி தன் பக்கத்து வாசலில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"தள்ளட்டுமாண்ணே?" என்றான்.

அந்தக் குரலில் ஒரு இனிப்பு. கையில் இருந்த ஸ்பானரை எறிந்தேன். டம்ளரில்தான் குறி. அவன் குனிந்ததால் பின்னால் இருந்த வாஷ்பேசின் உடைந்தது. அக்காவுக்குப் போன் போட்டு அவனே சொல்லிவிட்டான், அண்ணனுக்கு ஒரு தடவை ஆகிவிட்டது என்று. சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறான். எனக்கு வயது அறுபத்து நாலு. எலெக்ட்ரிகல் வாத்தியார் கார் எலெக்ட்ரிகல் கோளாறில் நிற்கிறது. ஊர் இதை வைத்து என்ன செய்யும் என்று நினைக்கிறீர்கள்? பழைய மாணவன் ஒருத்தன் பேட்டரிக் கடை விசிட்டிங் கார்டை என் வாசலில் செருகிவிட்டுப் போனான்.

சரி, முறைப்படி ஆராயலாம் என்று உட்கார்ந்தேன். இதை நீங்களும் கற்றுக்கொள்ளலாம். சாவியை அணைத்துவிட்டு, கதவையெல்லாம் சாத்திவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி நடுவில் ஒரு ஆம்பியர் மீட்டரை வைக்க வேண்டும். எல்லாம் அணைந்திருக்கும்போது மீட்டர் கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டியது பூஜ்யம் புள்ளி நாலு ஆம்பியர். ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர்-மணி. நாலு நாளில் ஒரு வயசான பேட்டரியைக் காலி பண்ண அது போதும். அடுத்து ஒவ்வொரு பியூஸாக உருவ வேண்டும். எந்தப் பியூஸை உருவும்போது முள் இறங்குகிறதோ, திருட்டு அந்த வழியில். நான் எட்டுப் பியூஸையும் உருவினேன். முள் அசையவில்லை. இதற்கு என்ன அர்த்தம்? பியூஸ் பெட்டியைத் தொடாமல் பேட்டரியிலிருந்து யாரோ நேராகக் கம்பி இழுத்திருக்கிறான். மின்சாரம் தெரிந்த ஆள் செய்கிற வேலை. குற்றாலிங்கத்துக்கு மின்சாரம் தெரியாது. ஆக, தெரிந்த ஆளை வைத்துச் செய்திருக்கிறான்.

டேஷ்போர்டில் என் பிள்ளையார் இருக்கிறார். என் வீட்டுக்காரியின் பூஜை அலமாரியில் இருந்த பித்தளைப் பிள்ளையார், கட்டைவிரல் உயரம். அவள் காரியம் முடிந்த மறுநாள் கொண்டுவந்து ஒட்டினேன். அவருக்கு ஒரு சிவப்பு விளக்கு, ஐந்து வாட் பல்பு. சாவியை அணைத்தால் அணைந்துவிடக் கூடாது என்று பேட்டரியிலிருந்தே நேராகக் கம்பி கொடுத்திருந்தேன். அவள் இருந்தவரை அந்த அலமாரியில் விளக்கு அணைந்ததே இல்லை. தேய்பிறை வந்தால் பிள்ளையாரையும் பல்பையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவேன். அவன் ஏறி உட்கார்கிற வண்டியில் என் பிள்ளையார் எதற்கு? மீட்டர் வைத்துப் பார்க்கும்போதும் விளக்கை அணைக்கவில்லை, மீட்டர் வழியாகவே எரியவிட்டேன். சாமி விளக்கை லோடில் சேர்க்கிற வழக்கம் எனக்குக் கிடையாது.

தெரிந்த ஆள் யார் என்பது அடுத்த மாதம் தெரிந்தது. புரட்டாசி வளர்பிறை, ஐந்தாம் நாள், மறுபடி 'டிக்'. இரண்டு ஆகிவிட்டது. கார் எலெக்ட்ரீசியன் ஆசீரைக் கூப்பிட்டேன். நல்ல வேலைக்காரன் என்று பெயர். பானெட்டைத் திறந்து இரண்டு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை.

"சார், சாமி வெளக்கு பேட்டரியிலயிருந்து நேரா வருது. அதுதான் குடிக்குது. ஒரு சுவிட்சு போட்டுருவோமா?"

"சாமி எவ்வளவுடா குடிக்கும்?"

"கணக்கு உங்களுக்குத் தெரியாததா சார். அஞ்சு வாட்டுன்னா பூஜ்யம் புள்ளி நாலு வருமே."

நான் சொல்லாமலே அந்த எண்ணைச் சரியாகச் சொல்கிறான். புள்ளி நாலு. அவனுக்கு எப்படித் தெரியும்? கம்பி இழுத்தவனுக்குத்தானே தெரியும்? ஓங்கி ஒரு அறை விட்டேன். அவன் டெஸ்டரை வாயில் கடித்துக்கொண்டு மறுபடி குனிந்துவிட்டதை நான் கவனிக்கவில்லை. உதடு கிழிந்து மூன்று தையல் போட வேண்டியதாயிற்று. அது என் தப்பு என்று சொல்ல முடியாது. டெஸ்டரை வாயில் வைக்கக் கூடாது என்று முதல் வருஷப் பாடத்திலேயே இருக்கிறது. பாடத்தைக் கேட்டுப் படித்திருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

ஆசீரை விலைக்கு வாங்கிவிட்டார்கள். இனி கையும் களவுமாகப் பிடித்தால்தான் உண்டு. பானெட் கைப்பிடியில் ஒரு சின்ன ஏற்பாடு செய்தேன். எப்படி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஆளைக் கொல்லாது, தூக்கிப் போடும். அளந்துதான் வைத்தேன். மறுநாள் காலை பத்து மணிக்கு ஷெட்டில் 'தொம்' என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் தம்பி பெண்டாட்டி செண்பகம். கொடியில் துணி காயப்போட வந்தவள், பானெட்டில் கை ஊன்றியிருக்கிறாள். சிமெண்டில் முகம் குப்புற விழுந்து, முன்பல் இரண்டு போய், இடது மணிக்கட்டு ஒடிந்து கிடக்கிறாள். ஈரத் துணி முழுக்க ரத்தம்.

"அத்தான்," என்றாள். "துணி காயப்போட வந்தேன் அத்தான்."

பானெட்டில் இவளுக்கு என்ன வேலை? துணி போடுகிறவள் கொடியைப் பிடிக்க வேண்டும், காரை ஏன் பிடிக்கிறாள்? புருஷனா பெண்டாட்டியா என்று அதுவரை எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இரண்டு பேரும் கூட்டு என்று அன்றைக்குத் தெளிந்தேன்.

குற்றாலிங்கம் பத்திர எழுத்தர். இருபத்தாறு வருஷமாகச் சார்பதிவாளர் ஆபீஸ் எதிரில் மேஜை போட்டு உட்கார்ந்து மற்றவர்கள் சொத்தை எழுதிக்கொண்டிருந்தவன். சண்டை என்றால் சந்து வழியாகப் போகிறவன். அவன் அன்றைக்கு வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்துப்போய் ஷெட்டுத் தூணில் என் தலையை மோதினான். ஒரு தடவை இல்லை, எண்ணிக்கொண்டே மோதினான். அதிலிருந்து இந்த இடது காது கேட்பதில்லை. நீங்கள் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால் இத்தனை நேரம் நாம் பேசியிருக்கவே முடியாது. நானும் சும்மா இருக்கவில்லை. கையில் அகப்பட்ட ஜாக்கி கம்பியால் அவன் முழங்காலில் போட்டேன். அவன் உட்கார்ந்த பிறகு இன்னொன்றும் போட்டேன். தெரு கூடிவிட்டது. இரண்டு பேரையும் தனித்தனி ஆட்டோவில் ஏற்றி ஒரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அக்கா போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நயினாரு, ரெண்டு ஆயிட்டு. இன்னும் ஒண்ணு. அப்புறம் அந்தச் சனியனைக் குற்றாலத்துக்கு விட்டுக் குடுத்துட்டு மனுசனா இரி."

சனியன் என்கிறாள், அப்பா வண்டியை. அப்பா கண்ணாடியைத் துடைக்க என்னை மட்டும்தான் விடுவார். குற்றாலிங்கம் தொட்டால் கை ரேகை படியும் என்பார்.

ஐப்பசி வளர்பிறை வந்தது. இந்தத் தடவை நின்றால் வண்டி போயிற்று. நான் என்ன செய்தேன் என்றால், பேட்டரியையே கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து சார்ஜரில் போட்டு நிரப்புவது, வேண்டும்போது கொண்டுபோய் மாட்டுவது என்று வைத்துக்கொண்டேன். ஏழாம் நாள் காலை, விடிந்து வெயில் ஏறிய பிறகு, நிறை சார்ஜோடு பேட்டரியை மாட்டிக்கொண்டிருந்தேன். கிளாம்பை இறுக்கி, சாமி விளக்குக் கம்பியையும் பாசிட்டிவில் சுற்றி முடித்தேன். அடிபட்ட காலை இழுத்துக்கொண்டு தம்பி வந்தான். பின்னால் கட்டுப் போட்ட கையோடு செண்பகம்.

"அண்ணே, கம்பிய நானே பாத்துட்டேன். ஆசீர் பொய் சொல்லலண்ணே."

"ஆசீர் உன் ஆளு."

"சரி, என் ஆளுன்னே வச்சுக்கோ. இந்த வெளக்குக் கம்பிய மட்டும் உருவிட்டு ஒரு வாரம் நிறுத்திப் பாப்போம். வண்டி கெளம்புச்சுன்னா உனக்கு. கெளம்பலைன்னாலும் உனக்கு. நான் எழுதியே தந்துருதேன்."

கவனித்தீர்களா தந்திரத்தை? எப்படிப் போனாலும் எனக்கு என்கிறான். இப்படி ஒருத்தன் சொன்னால் அவனுக்கு உள்ளே வேறு ஏதோ லாபம் இருக்கிறது.

"எனக்கு இந்த வண்டி வேண்டாம்ணே," என்றான். "மதினி இருந்தா இதெல்லாம் நடந்திருக்குமா? நீ இப்படி ஒவ்வொருத்தனா அடிச்சிட்டே திரியாத." சொல்லிக்கொண்டே பேட்டரிப் பக்கம் கையை நீட்டினான்.

"கையை எடு."

"ஒரே நிமிசம்."

"கையை எடுலே."

"எடுக்க மாட்டேன் வே."

வே. நான் அவனுக்கு ஏழு வயசு மூத்தவன். சைக்கிள் கற்றுக்கொடுத்தவன். பிறந்ததிலிருந்து என்னை "அண்ணே" தவிர வேறு எதுவும் சொன்னதில்லை. சந்தையில் மாட்டுத் தரகன் இன்னொரு தரகனைக் கூப்பிடுகிற மாதிரி வே என்கிறான், அதுவும் சாமி விளக்கின் கம்பியைப் பிடித்துக்கொண்டு. பானெட்டைத் தாங்கி நின்ற கம்பியைத் தட்டிவிட்டேன். பானெட் அவன் முழங்கையில் விழுந்தது. நான் மேலே சாய்ந்துகொண்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. சாய்ந்தேன்.

அவன் வலது கையில் கனத்த மோதிரம் ஒன்று போட்டிருந்தான். உள்ளே அது பாசிட்டிவ் கிளாம்புக்கும் பேட்டரியைப் பிடித்து, வண்டி உடம்பு வழியாக நெகட்டிவோடு சேர்ந்திருக்கிற இரும்புப் பட்டைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. நிறை சார்ஜில் இருக்கிற பேட்டரி அப்படிக் குறுக்கே ஒன்று கிடைத்தால் நானூறு, ஐந்நூறு ஆம்பியரைக் கொட்டும். வீட்டுக் கரண்டுபோல உதறித் தள்ளாது. பன்னிரண்டு வோல்ட் மனிதனுக்கு ஷாக் அடிக்காது. ஆனால் உலோகத்தைக் காய்ச்சும். முதலில் 'சர்' என்று கேட்டது. பிறகு வாசனை வந்தது. தங்கம் ஆயிரத்து அறுபத்து நாலு டிகிரியில்தான் உருகும். அந்த மோதிரம் உருகவில்லை. சிவந்து, சதைக்குள் இறங்கிவிட்டது. அவன் கத்தினான். வே என்று கத்தவில்லை. "அண்ணே, அண்ணே" என்றுதான் கத்தினான்.

ஒரு ஏழு நொடி இருக்கும். செண்பகம் இருபது என்கிறாள். அவள் கடிகாரமா பார்த்தாள்? துவைக்கிற வாளியை எடுத்து என் முதுகிலும் தலையிலும் அடித்துக்கொண்டிருந்தாள். நான் நகர்ந்த பிறகு அவள்தான் ஒற்றைக் கையால் பானெட்டைத் தூக்கினாள். அவன் கையோடு சாமி விளக்குக் கம்பியும் பிய்ந்து வந்தது. விளக்கு அணைந்துவிட்டது.

அவன் கையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் ஐஸ் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மோதிர விரலை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். மோதிரத்தைத் தனியாக எடுக்க முடியவில்லையாம். நடுவிரல் மடங்கவில்லை, கட்டைவிரலிலும் பாதி வெந்துவிட்டது. பேனா பிடிக்க வருமா என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போலீஸ் வந்து கேட்டதற்குத் தம்பி என்ன சொன்னான் தெரியுமா? "வண்டியில வேலை பாக்கும்போது நானா கையை விட்டுட்டேன் சார்" என்றான். செண்பகம் வாயைத் திறக்கப் போனாள், அவளையும் அடக்கிவிட்டான். குற்றம் செய்யாதவன் ஏன் பொய் சொல்ல வேண்டும்? போலீஸ் தோண்டினால் புள்ளி நாலு ஆம்பியர் வெளியே வந்துவிடும் என்று பயம். எனக்கு அன்றைக்கே பாதி சந்தேகம் தீர்ந்தது.

மீதிப் பாதி தீர்ந்ததைக் கேளுங்கள். அவன் ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் இருந்தான். பௌர்ணமி போய்த் தேய்பிறையும் வந்தது, சாவி என்னிடம்தான் இருந்தது. அந்தப் பதினெட்டு நாளில் வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. வேண்டுமென்றே ஆறு நாள் தொடாமல் போட்டுப் பார்த்தேன். ஏழாம் நாள் ஒரே திருகு. மீட்டர் வைத்தேன். பூஜ்யம். அவன் வீட்டில் இல்லை, கசிவும் இல்லை. இதைவிட ருசு கோர்ட்டில்கூடக் கேட்க மாட்டார்கள். சாமி விளக்கை மறுபடி மாட்டவில்லை, நேரமில்லை. வண்டி என் பேருக்கு மாறியதும் முதல் வேலையாக அதற்குப் புதிதாகக் கம்பி இழுக்க வேண்டும், கொஞ்சம் தடித்த கம்பியாக.

அவன் வீட்டுக்கு வந்த அன்று அக்கா வந்தாள். என் கையிலிருந்து சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். அதனால்தான் நான் இன்றைக்குப் பஸ்ஸில். "குற்றாலம் முழு மனசா ஒப்புக்கிட்டா நானும் கையெழுத்துப் போடுதேன்" என்றாள். வண்டி அப்பா பேரிலேயே இருப்பதால் வாரிசு எல்லோரும் ஒப்புதல் கொடுக்க வேண்டும், அதுதான் சட்டம். படிவத்தை எடுத்துக்கொண்டு நேற்றுச் சாயங்காலம் அவன் பக்கத்து வாசலுக்குப் போனேன். படுக்கையில் எழுந்து உட்கார்ந்தான். ஒரு பேச்சு மறுத்துச் சொல்லவில்லை. "எங்கண்ணே போடணும்?" என்றான். அதைத்தான் நான் சொல்லவருகிறேன், மனசாட்சி உள்ளே உறுத்துகிறவனால்தான் இப்படி உடனே ஒப்புக்கொள்ள முடியும்.

பாருங்கள், இதுதான் அந்தப் படிவம். மடங்காமல் பிடியுங்கள். இது அக்காவுக்கு, காலியாக இருக்கிறதே, இந்த இடம். இது என் கையெழுத்து. இதில் நீல மையில் வட்டமாக இருப்பது குற்றாலிங்கத்தின் இடது கைப் பெருவிரல். அதன் கீழே 'சு. குற்றாலிங்கம், பத்திர எழுத்தர்' என்று செண்பகம் எழுதிக் கொடுத்தாள்.